சிறுநீரின் பிஎச்சை மாற்றிக் கிட்னி கல்லைத் தடுப்பது: முதல்முறை கல் வந்தவர்களுக்கு

ஒருமுறை கிட்னி கல் வந்து போனவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. வீட்டுப் பெரியவர்கள் வாழைத்தண்டுச் சாறு என்பார்கள், வேலையிடத்தில் மலாய்க்கார நண்பர் பூனை மீசை இலையைக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுப்பார், பார்மசியில் பொங்கும் தூள் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள், வாட்ஸ்அப்பில் யாராவது எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் கலந்து குடிக்கச் சொல்லி வீடியோ அனுப்புவார்கள். இவற்றில் சில சிறுநீரின் அமிலத்தன்மையை, அதாவது பிஎச் அளவை, மாற்றக்கூடியவை. சில ஒன்றுமே செய்யாதவை. பிஎச்சை மாற்றிக் கல்லைத் தடுக்க முடியும் என்பது உண்மைதான், சிறுநீரக மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருவதுதான். ஆனால் ஒரு கல்லைக் கரைக்கும் மாற்றம் இன்னொரு கல்லை வளர்த்துவிடும். அதனால் உங்களுடையது என்ன கல் என்று தெரிந்த பிறகே பிஎச்சில் கை வையுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது விலாவில் வலியோடு குளிர்க்காய்ச்சலும் இருந்தால், அல்லது சிறுநீரே போகவில்லை என்றால், படிப்பதை நிறுத்திவிட்டு நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள், கூட்டிப்போக ஆளில்லை என்றால் இங்கே மலேசியாவில் 999ஐக் கூப்பிடுங்கள். கல் அடைத்திருக்கும் சிறுநீரகத்தில் கிருமியும் சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். கர்ப்பிணிகளும் ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவர்களும் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம்.

முதலில் கல்லைப் பிடியுங்கள்

5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். வந்ததும் வலி விட்ட நிம்மதியில் ஃபிளஷ் பண்ணிவிட்டு வந்துவிடுவோம். அங்கேதான் மிக முக்கியமான தகவல் தண்ணீரோடு போய்விடுகிறது. மாமாக் கடையில் டீ வடிகட்ட ஒரு நீளத் துணிப்பை வைத்திருப்பார்களே, அதுபோல் ஒன்றையோ மெல்லிய கண்ணுள்ள டீ வடிகட்டியையோ இதற்கென்றே தனியாக வாங்குங்கள் (அது சமையலறைப் பக்கம் திரும்பக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வையுங்கள்). கல் இன்னும் உள்ளே இருக்கும் நாட்களில் ஒவ்வொரு முறையும் அதில் வடித்துப் பாருங்கள். கூழாங்கல் மாதிரி ஏதோ வந்து விழும் என்று நினைக்காதீர்கள், கடுகளவுதான் இருக்கும், சில நேரம் வெறும் மணல். கரும்பழுப்பாகவும் இருக்கும், செம்மஞ்சளாகவும் இருக்கும், நிறத்தை வைத்து நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். தண்ணீரில் அலசி, காயவைத்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். செலோடேப்பில் ஒட்டி எடுத்துப்போகாதீர்கள், பசை ஒட்டினால் லேப்பில் சோதனை கெடும்.

பினாங்கில் இருப்பவர்கள் பக்கத்து அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்து, பினாங்கு பொது மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். தனியாரில் நேரே போகலாம், செலவுதான் கூட. எங்கே போனாலும் கேட்க வேண்டியது இதுதான்: “இந்தக் கல்லை அனாலிசிஸுக்கு அனுப்ப முடியுமா டாக்டர்?” கேட்காவிட்டால் பல நேரம் அனுப்பமாட்டார்கள்.

கல் கையில் கிடைக்கவில்லையா, அப்போதும் வழி இருக்கிறது. யூரிக் ஆசிட் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, ஆனால் சிடி ஸ்கேனில் தெரியும், அதன் அடர்த்தியும் குறைவாக இருக்கும். அதனால் சிடியில் கல் இருந்து எக்ஸ்ரேயில் காணவில்லை, சிறுநீரும் எப்போதும் அமிலமாகவே இருக்கிறது என்றால் டாக்டரால் ஓரளவு ஊகிக்க முடியும்.

எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம்

சிறுநீரின் பிஎச் ஏறக்குறைய 4.5 முதல் 8 வரை ஏறி இறங்கும். 7க்குக் கீழே அமிலம், மேலே காரத்தன்மை. எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள், 6ஐ விட 5 பத்து மடங்கு அமிலம்.

யூரிக் ஆசிட் கல்தான் பிஎச்சுக்கு முழுசாகக் கட்டுப்படும் கல். பிஎச் 5.5க்குக் கீழேயே கிடந்தால் யூரிக் ஆசிட் கரையாமல் படிகமாகிவிடும். 6.5க்குக் கொண்டுபோனால் அதே யூரிக் ஆசிட் பல மடங்கு அதிகமாகக் கரையும். திரும்ப வராமல் தடுக்க 6 முதல் 6.5 வரை வைத்திருந்தால் போதும். ஏற்கெனவே இருக்கும் கல்லைக் கரைக்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் மேலே, 7ஐ ஒட்டிக் கொண்டுபோவார்கள், அது டாக்டர் கண்காணிப்பில் நடக்கும் வேலை. சில வாரங்களோ சில மாதங்களோ பிடிக்கும், ஆனால் கத்தி இல்லாமல் கல் காணாமலே போவது இந்த வகையில்தான். இரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகமாக இருந்தால்தான் இந்தக் கல் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி சிறுநீரின் அமிலம்தான். நீரிழிவும் தொப்பையும் உள்ளவர்களுக்குச் சிறுநீர் இயல்பிலேயே அமிலமாகிவிடுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது சிறுநீரகம் அமிலத்தைத் தணிக்கும் அமோனியாவைக் குறைவாகச் செய்வதால். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் நம் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதனால் சர்க்கரை உள்ள ஒருவருக்குக் கல் வந்தால் யூரிக் ஆசிட் கல்லா என்று கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

கால்சியம் ஆக்சலேட் கல்தான் உலகத்தில் பெரும்பாலோருக்கு வருவது. இதற்கு பிஎச் பெரிய விஷயமே இல்லை, எந்த பிஎச்சிலும் உருவாகும். இங்கே உதவுவது சிட்ரேட், எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களில் இருக்கும் பொருள். சிறுநீரில் சிட்ரேட் இருந்தால் அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆக்சலேட்டோடு சேர விடாது. பிஎச்சை ஏற்றக் கொடுக்கும் பொட்டாசியம் சிட்ரேட்டையே இந்தக் கல்லுக்கும் கொடுப்பதைப் பார்த்துத்தான் ஜனங்கள் எல்லாக் கல்லையும் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறார்கள்.

கால்சியம் ஃபாஸ்ஃபேட் கல் நேர் எதிர். பிஎச் ஏற ஏற இது வளரும். உங்களுக்கு இந்தக் கல் என்றால் பிஎச்சை ஏற்றும் பொங்கும் தூள் பக்கமே போகாதீர்கள். கிருமியால் உருவாகும் ஸ்ட்ரூவைட் கல்லும் காரத்தன்மையில்தான் வளரும், கிருமியே யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரத்தன்மைக்குத் தள்ளும். கல்லை முழுசாக எடுத்துக் கிருமியை ஒழிப்பதுதான் அதற்கு வைத்தியம், வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சிஸ்டீன் கல் பரம்பரையாக, பெரும்பாலும் சின்ன வயதிலேயே வருவது. அதற்கு பிஎச் 7க்கு மேலேயே வேண்டும், ஸ்பெஷலிஸ்ட் இல்லாமல் முடியாது.

அளப்பது எப்படி

பார்மசியில் பிஎச் ஸ்ட்ரிப் கேளுங்கள். பத்து விஷயங்களை ஒன்றாகக் காட்டும் சிறுநீர் ஸ்ட்ரிப்பில் பிஎச் கட்டம் ஒன்று இருக்கும், ஆனால் சிலவற்றில் 5, 6, 7 என்று முழு எண்ணாகத் தாவும். நமக்கு வேண்டியது 5க்கும் 8க்கும் இடையே அரை அரையாகவாவது காட்டும் ஸ்ட்ரிப்.

ஒரு வாரம் உங்கள் சாப்பாட்டையோ மருந்தையோ மாற்றாமல், காலையில் எழுந்ததும் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். கப்பில் பிடித்த சிறுநீரில் ஸ்ட்ரிப்பை ஒரு வினாடி முக்கி, ஓரத்தைத் தட்டி அதிகமான ஈரத்தை உதறி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ஆனதும் நிறத்தை ஒப்பிடுங்கள். குளியலறையின் மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் செம்மஞ்சளும் மஞ்சளும் ஒன்றாகவே தெரியும், ஜன்னல் பக்கம் வாருங்கள். பிடித்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து அளக்காதீர்கள். நேரம் ஆக ஆக, அதுவும் நம் வெக்கையில், சிறுநீர் தானாகவே காரத்தன்மைக்கு நகரும், பொய்க் கணக்கு வரும். ஸ்ட்ரிப் டப்பாவையும் குளியலறை ஈரத்தில் வைக்க வேண்டாம்.

காலையில் 5 என்று காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, இரவெல்லாம் வெறும் வயிறு, அப்படித்தான் இருக்கும். சாப்பிட்ட பிறகு கொஞ்சம் ஏறுவதும் இயல்பு. கவனிக்க வேண்டியது நாள் முழுவதும் அசையாமல் இருப்பதை. மூன்று வேளையும் 5, 5.5 என்றே கிடந்தால் அது யூரிக் ஆசிட் கல்லுக்கு ஏற்ற நிலம். மூன்று வேளையும் 7க்கு மேலேயே நின்றால் நீங்களாக எதையும் மாற்றாமல் டாக்டரிடம் போங்கள், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற முடியாத கோளாறாகவும் இருக்கலாம்.

கல் இரண்டாவது முறை வந்தவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை எழுதுவார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். சில லேப்கள் பாட்டிலில் ஆசிட் ஊற்றிக் கொடுப்பார்கள். அதில் நேரடியாகப் போகாதீர்கள், தெறித்தால் சுடும், வேறு பாத்திரத்தில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். ஆசிட் உள்ள பாட்டிலில் பிஎச்சை அளக்க முடியாது, அதற்குத் தனியாக மாதிரி வேண்டுமா என்று கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். விடுமுறை நாள் பார்த்து அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாகத் தண்ணீர் குடித்துச் சேர்த்தால் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

சாப்பாடு: அமிலம் எங்கிருந்து வருகிறது

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது, உடம்பு அதை எரிக்கும்போது அமிலம் மிஞ்சும், அதைச் சிறுநீரகம் வெளியேற்றும். காய்கறியும் பழமும் எதிர்ப் பக்கம் தள்ளும். பினாங்கில் இருந்துகொண்டு நாசி கண்டாரை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் தட்டில் ஆட்டுக்கறி, பொரித்த கோழி, மீன் முட்டை எல்லாம் வைத்து எல்லாக் குழம்பையும் பஞ்சீராக, அதாவது வெள்ளமாக, ஊற்றி அடிக்கடி சாப்பிட்டுவிட்டு ஸ்ட்ரிப் ஏன் 5லேயே நிற்கிறது என்று கேட்டால் என்ன சொல்ல? ஒரு கறி போதும், பக்கத்தில் வெண்டைக்காயும் வெள்ளரிக்காயும் கேளுங்கள். யூரிக் ஆசிட் கல் உள்ளவர்கள் நெத்திலி, மத்தி, ஈரல், பியர் இவற்றையும் குறைக்க வேண்டும். சம்பல் நெத்திலி நாசி லெமாக்கை ருசி பார்க்கலாம், தினமும் காலைச் சாப்பாடாக வேண்டாம்.

ஆக்சலேட் கல்காரர்களுக்குக் கணக்கு வேறு. பாயாம் கீரை, பிளிம்பிங் பழம் (நட்சத்திரப் பழம்), கச்சான் (நிலக்கடலை), கொக்கோ இவற்றில் ஆக்சலேட் அதிகம். கீரையைத் தயிரோடோ பாலோடோ சேர்த்துச் சாப்பிட்டால் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். கால்சியம் கல் என்று கேட்டதும் பாலை நிறுத்திவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், அது கல்லை அதிகமாக்கும் வழி. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதான யாரும் பிளிம்பிங்கை வாயில் வைக்கவே கூடாது, அதில் உள்ள நச்சு மூளையைத் தாக்கும். வைட்டமின் சி மாத்திரையை 1000 மில்லிகிராம் கணக்கில் விழுங்குகிறவர்களும் நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் ஒரு பங்கு ஆக்சலேட்டாகத்தான் வெளியே போகிறது.

உப்பு எல்லாக் கால்சியம் கல்லுக்கும் எதிரி. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். பெலாச்சான், கிச்சாப், மெகி, உப்பு முட்டை, எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

புளிப்பைக் குடித்தால் சிறுநீர் புளிக்காதா?

என் சித்தி கேட்ட கேள்வி இது. “ஏம்ப்பா, அமிலத்தைக் குறைக்கணும்னு சொல்ற, அப்புறம் எலுமிச்சையைக் குடிக்கச் சொல்ற?” நியாயமான கேள்விதான். பழத்தில் உள்ள சிட்ரேட்டை உடம்பு எரிக்கும்போது அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டாக மாறுகிறது. ஆனால் எலுமிச்சையில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் ஆசிட், அது தன் அமிலத்தையும் கூடவே கொண்டுவருகிறது, கடைசியில் பிஎச் பெரிதாக நகராது. ஆரஞ்சில் பொட்டாசியத்தோடு சேர்ந்த சிட்ரேட் அதிகம், அதனால் அது பிஎச்சையும் ஏற்றும். சர்க்கரை நோயாளிக்கு ஆரஞ்சு ஜூஸில் உள்ள இனிப்பு சரிப்படாது, பழமாகச் சாப்பிடலாம். ஆக, எலுமிச்சைத் தண்ணீர் நல்லதே, தண்ணீரை அதிகம் குடிக்க வைக்கும், கொஞ்சம் சிட்ரேட்டும் தரும், ஆனால் யூரிக் ஆசிட் கல்லை அது ஒன்றே கரைத்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள்.

கடையில் குடிப்பதானால் லிமாவ் ஐஸை “கோசோங்” என்று சொல்லிக் கேளுங்கள், சீனி போடமாட்டார்கள். நம்ம ஊர் அம்ரா ஆசாம் போய் ஜூஸ் எனக்கும் பிடிக்கும், ஆனால் கிளாஸின் அடியில் கிடக்கும் அந்த ஆசாம் போய் உப்பில் ஊறியது, மேலே சீனி வேறு.

மருந்து: தூளும் தண்ணி மருந்தும்

பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டும் ஒரு மாமா, கல் வந்து போன பிறகு பொங்கும் தூளைத் தினமும் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். “இது மருந்தே இல்லப்பா, சோடா மாதிரி” என்பார். ஸ்ட்ரிப்பில் பார்த்தால் பச்சை தாண்டி நீலத்துக்குப் போயிருந்தது, 7.5க்கு மேல். அடுத்த கல் வந்தபோது அதை அனாலிசிஸுக்கு அனுப்பினார்கள், பெரும்பங்கு கால்சியம் ஃபாஸ்ஃபேட்.

அந்தத் தூள் சிறுநீர் எரிச்சலுக்கு இரண்டு மூன்று நாள் குடிக்கச் செய்தது. அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட்டும் சோடியம் சிட்ரேட்டும். பரவலாக விற்கும் 4 கிராம் பாக்கெட்டில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது, நாளைக்கு நாலு பாக்கெட் என்றால் அதிலேயே 2.5 கிராம் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சாப்பாடு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் அளவே 2 கிராம்தான். பிரஷரும் ஏறும், சிறுநீரில் கால்சியமும் கூடும்.

அதனால்தான் டாக்டர்கள் பொட்டாசியம் சிட்ரேட்டை முதலில் எடுப்பார்கள். அரசு மருத்துவமனையில் தண்ணி மருந்தாகக் கொடுத்தால் நிறையத் தண்ணீர் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கள், அப்படியே ஊற்றிக்கொண்டால் வயிற்றைப் புரட்டும். மெதுவாகக் கரையும் மாத்திரை எழுதிக்கொடுத்தால் கடிக்காமல் முழுசாக விழுங்குங்கள். மலத்தில் மாத்திரைக் கூடு தென்பட்டால் திடுக்கிட வேண்டாம், மருந்து உள்ளே இறங்கிய பிறகு மிஞ்சும் சக்கை அது.

ஆனால் இதை நண்பரிடமிருந்து வாங்கிக் குடிக்கும் மருந்தாக நினைக்காதீர்கள். பெரிண்டோபிரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர், இதய மருந்து எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும், ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நீரிழிவோடு பிரஷரும் உள்ளவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கும் சமூகம் நாம், அந்த மாத்திரைப் பட்டியலைக் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்த பிறகு இரத்தச் சோதனைக்கும் போக வேண்டும். வீட்டில் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கும்போது 7ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட்டு அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், கூடுதலாக ஏற்றினால் கூடுதல் நன்மை என்பது இங்கே இல்லை.

பூனை மீசையும் வாழைத்தண்டும் பற்றிக் கேட்பீர்கள். இரண்டும் தண்ணீரோடு குடிப்பவை, அந்தத் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடும். பூனை மீசையில் பொட்டாசியம் நிறைய, அதனால் மேலே சொன்ன மாத்திரைக்காரர்கள் தள்ளியே இருங்கள். ஆப்பிள் வினிகர் கால்சியம் கல்லைக் கரைக்காது.

தண்ணீர், எந்தக் கல்லாக இருந்தாலும்

குறி வைக்க வேண்டியது குடிக்கும் அளவை அல்ல, வெளியே வரும் சிறுநீரை: நாளைக்கு 2.5 லிட்டர். இத்தாலியில் 5 ஆண்டு நடந்து 1996இல் வெளியான ஓர் ஆய்வில், முதல்முறை கல் வந்தவர்களில் நிறையத் தண்ணீர் குடித்தவர்களுக்கு 12 விழுக்காடும் மற்றவர்களுக்கு 27 விழுக்காடும் கல் திரும்ப வந்தது. வேறு எந்த மருந்தும் இல்லாமல் வந்த வித்தியாசம் அது. இங்கே வியர்வையிலேயே நிறையப் போய்விடுவதால் 3 லிட்டருக்கு மேலேயே குடிக்க வேண்டியிருக்கும். இதயக் கோளாறோ சிறுநீரகச் செயலிழப்போ இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை.

பாயான் லெப்பாஸ், பிறை பக்கம் ஃபேக்டரி ஷிப்டில் நிற்பவர்கள் கழிப்பறைக்கு லீவு கேட்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைத் தவிர்ப்பது எனக்குத் தெரியும். இடைவேளை ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கிளாஸ், ஷிப்ட் முடிந்ததும் இரண்டு, படுக்கும் முன் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி எழுந்து போக நேர்ந்தால் திரும்பும்போது அரை கிளாஸ், ஏனென்றால் விடியற்காலைச் சிறுநீர்தான் அன்றைய நாளிலேயே மிகக் கெட்டியானது, மிக அமிலமானதும் அதுதான். நோன்பு பிடிக்கும் முஸ்லிம் நண்பர்கள் நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை இந்தக் கணக்கைப் பரப்பிக்கொள்ள வேண்டும். நோன்பில் மருந்து நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும், முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். தைப்பூசத்துக்கு நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, அங்கே சிராப் தண்ணீரை விட்டு வெறும் தண்ணீரைக் கேளுங்கள்.

மருந்தோ சாப்பாட்டு மாற்றமோ ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள் 24 மணி நேரச் சோதனையை மறுபடி செய்யுங்கள், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை போதும், ஸ்கேன் எப்போது வேண்டும் என்று டாக்டர் சொல்வார். போகும்போது பிஎச் எழுதிய நோட்டு, கல் அனாலிசிஸ் தாள், நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரையும், அப்புறம் யாருக்கும் சொல்லாமல் குடித்துக்கொண்டிருக்கும் அந்த இலைக் கஷாயத்தின் பெயரும் கையில் இருக்கட்டும்.